பழைய கணினியின் ஒலி சிப்பை எமுலேட் செய்ய: நேரக்கணக்கும் பஃபரும், படிப்படியாக

இசட்80 அல்லது 6502 செயலியை எமுலேட் செய்து (அதாவது அதன் வேலையை நிரலால் அப்படியே நடித்துக்காட்டி) திரையில் படத்தையும் வரவைத்துவிட்டீர்கள். மிச்சம் ஒலிதானே, ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று உட்கார்வீர்கள். அங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கும். எனக்கு அப்படித்தான் இழுத்தது. உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படத்தில் ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒலியில் ஒரு மில்லிவிநாடி காணாமல் போனாலும் ‘டப்’ என்று காதில் விழுந்துவிடும். அந்த ‘டப்’ வருவதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் இருக்கலாம். சிப் தவறான சைக்கிளில் (கிளாக்கின் ஒரு துடிப்பில்) தவறான வேலையைச் செய்திருக்கலாம். அல்லது சிப் சரியாக உருவாக்கிய சாம்பிள்கள் (ஒவ்வொரு கணத்திலும் அலையின் உயரத்தைச் சொல்லும் எண்கள்) ஸ்பீக்கருக்கு நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் எதுவும் பிடிபடாது. கீழே உள்ள வரிசை இரண்டையும் தனித்தனியாக வைப்பதற்காகவே அமைத்தது. தயவுசெய்து 6ஆவது படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. எளிய சிப்பில் தொடங்குங்கள்

ஏ.ஒய்-3-8910 குடும்பம் அல்லது எஸ்.என்.76489. இரண்டும் சதுர அலையும் இரைச்சலும் மட்டுமே தருபவை. கொமடோர் 64இன் சிட் 6581தான் உங்கள் கனவு என்றாலும் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபில்டர் அனலாக் சுற்று, சிப்புக்குச் சிப் மாறும். ஒலி வேறுமாதிரி கேட்டால் பிழை உங்களுடையதா அந்தச் சிப்பின் குணமா என்றே தெரியாது. யமஹாவின் எஃப்.எம். சிப்கள் மூன்றாவது.

2. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மூன்று காகிதங்கள் கையில் இல்லாமல் ஒரு வரிகூட எழுதவேண்டாம்: சிப்பின் டேட்டாஷீட், கணினியின் சர்க்யூட் வரைபடம் அல்லது தொழில்நுட்பக் கையேடு, செயலியின் சைக்கிள் அட்டவணை. பழைய சிப்களின் டேட்டாஷீட் ஸ்கேன் பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சர்க்யூட் வரைபடம் எதற்கு என்றால், சிப்புக்குப் போகும் கிளாக் வேகம் டேட்டாஷீட்டில் இருக்காது. அது கணினிக்குக் கணினி மாறும். ஒரே ஏ.ஒய். குடும்பச் சிப்புக்கு ஆம்ஸ்ட்ராட் சி.பி.சி. தருவது 1 மெகாஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரம் 128 தருவது 1.7734, எம்.எஸ்.எக்ஸ். தருவது 1.7898. அடாரி எஸ்.டி.யில் இருக்கும் ஒய்.எம்.2149க்கு 2 மெகாஹெர்ட்ஸ். இதைத் தவறாகப் போட்டால் பாட்டு ஓடும், ஆனால் சுருதி மாறியிருக்கும். மூலத்தைக் கேட்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

டேட்டாஷீட்டில் தெளிவாக இல்லாத சில விஷயங்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஏ.ஒய்.யில் டோன் பீரியட் (சுரத்தின் ஒரு அலை எவ்வளவு நேரம் என்று சொல்லும் எண்) 0 என்று எழுதினால் அது 1 போலத்தான் நடந்துகொள்ளும். 13ஆவது ரெஜிஸ்டரில் (செயலி சிப்புக்குக் கட்டளை எழுதும் சிறு நினைவிடம்) அதே மதிப்பை மறுபடி எழுதினாலும் என்வலப் (ஒலியளவு ஏறி இறங்கும் வடிவம்) முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ‘மதிப்பு மாறவில்லை, விட்டுவிடலாம்’ என்று சிக்கனம் பிடித்தால் டிரம்ஸ் காணாமல் போகும். ஒய்.எம்.2149இன் என்வலப்புக்கு 32 படிகள், ஏ.ஒய்.க்கு 16. எஸ்.என்.76489இன் இரைச்சல் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (இரைச்சலை உருவாக்கும் நகரும் பிட் வரிசை) பி.பி.சி. மைக்ரோவில் 15 பிட், சேகா மாஸ்டர் சிஸ்டத்தின் வகையில் 16 பிட்.

பணச் செலவு என்று எதுவும் இல்லை. கம்பைலர், ஒலி எடிட்டர், நூலகங்கள் எல்லாம் இலவசம். உண்மையான பழைய கணினியைத் தேடி வாங்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஆனால் உரிமம் என்ற செலவு ஒன்று உண்டு. சிட்டுக்கான ரீசிட் நூலகம் ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. அதைச் சேர்த்து வெளியிட்டால் உங்கள் எமுலேட்டரையும் அந்த நிபந்தனைகளின்படியே வெளியிடவேண்டும். அலையைச் சாம்பிள்களாக்கும் பிலிப் பஃபர் நூலகம் எல்.ஜி.பி.எல்., யமஹா எஃப்.எம். சிப்களுக்கான ஒய்.எம்.எஃப்.எம். பி.எஸ்.டி. மூடிய நிரலாக விற்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே உரிமத்தைப் படித்துவிடுங்கள். பிறகு பிய்த்து எடுப்பது நரகவேதனை.

3. சைக்கிளில் எண்ணுங்கள், மில்லிவிநாடியில் அல்ல

எமுலேட்டருக்குள் நேரம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: இதுவரை ஓடிய கிளாக் சைக்கிள்களின் எண்ணிக்கை. உங்கள் கணினியின் கடிகாரத்தைச் சிப்பின் நிரலுக்குள் எட்டிப்பார்க்கவே விடாதீர்கள்.

முதல் பொறி வகுத்தலில் இருக்கிறது. பால் (PAL, ஒரு தொலைக்காட்சி முறை) வகைக் கொமடோர் 64 விநாடிக்கு 9,85,248 சைக்கிள் ஓடும். உங்கள் ஒலிச் சாதனம் விநாடிக்கு 48,000 சாம்பிள் கேட்கும். வகுத்தால் ஒரு சாம்பிளுக்கு 20.526 சைக்கிள். முழு எண்ணாக இருக்கட்டுமே என்று 20 போட்டால் என்ன ஆகும்? விநாடிக்கு 49,262 சாம்பிள் உருவாகும், 48,000தான் செலவாகும். மிச்சம் 1,262 சாம்பிள் ஒவ்வொரு விநாடியும் பஃபரில் (சாம்பிள்கள் காத்திருக்கும் இடத்தில்) சேர்ந்து வழியும். கூடவே சுருதி 45 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி, இறங்கிவிடும். வழிகிற பஃபரைப் பார்த்துவிட்டுப் பஃபரைப் பெரிதாக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதனால் வழிவது தள்ளிப்போகும், நிற்காது.

தீர்வு எளிது. ஒரு கூட்டல் மாறி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதில் 48,000 கூட்டுங்கள். 9,85,248ஐ எட்டும்போது அந்த அளவைக் கழித்துவிட்டு ஒரு சாம்பிள் வெளியிடுங்கள். எல்லாம் முழு எண், மிச்சம் எங்கும் தொலையாது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் கணக்கு நேராக இருக்கும்.

இரண்டாவது பொறி எண்ணின் அகலம். சைக்கிள் எண்ணிக்கையை 32 பிட் ஃபுளோட்டில் வைத்தால் 1,67,77,216ஐ எட்டியதும் ஒன்று கூட்டினாலும் எண் ஏறாது. கொமடோர் 64இன் வேகத்தில் அது 17ஆவது விநாடியிலேயே வந்துவிடும். குறியில்லாத 32 பிட் முழு எண் என்றால் 72 நிமிடத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஸ்பெக்ட்ரம் 128இன் செயலி சைக்கிள்களை எண்ணினால் 20 நிமிடத்திலேயே திரும்பும். ‘கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஒலி நின்றுவிடுகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். 64 பிட் வையுங்கள், மறந்துவிடுங்கள்.

4. ரெஜிஸ்டரில் எழுதிய நேரத்தையும் வைத்திருங்கள்

ஒரு ஃபிரேம் முழுக்கச் செயலியை ஓட்டிவிட்டு, கடைசியில் ரெஜிஸ்டர்களைப் பார்த்து ஒலி உருவாக்குவதுதான் புதியவர் எழுதும் முதல் வடிவம். ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் ரெஜிஸ்டரைத் தொடும் பாட்டுகளுக்கு அது போதும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். பேச்சு, டிரம் போன்ற பதிவுசெய்த ஒலியை இந்தக் கணினிகள் ஒலியளவு ரெஜிஸ்டரை வேகமாக ஆட்டித்தான் எழுப்பும். கொமடோரில் அது 54296 முகவரி. விநாடிக்கு 8,000 முறை எழுதினால் ஒரு ஃபிரேமுக்குள் ஏறத்தாழ 160 எழுத்துகள் (எழுதும் செயல்கள்). ஃபிரேம் முடிவில் பார்த்தால் கடைசி ஒன்றுதான் மிஞ்சும். பேச்சு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கரகரப்பு.

ஒலியை உருவாக்குவதைத் தள்ளிப்போடலாம், அதில் தவறில்லை. ஆனால் செயலி ரெஜிஸ்டரைத் தொடும் ஒவ்வொரு முறையும், பழைய மதிப்புகளோடு சிப்பை அந்தச் சைக்கிள் வரை ஓட்டி முடித்துவிட்டுப் புதிய மதிப்பை ஏற்றுங்கள். நிரலும் எளிது, வேகமும் கெடாது.

அந்தச் சைக்கிள் எது என்பதில் கவனம் தேவை. 6502இல் முழு முகவரி கொடுத்துச் சேமிக்கும் கட்டளைக்கு 4 சைக்கிள், எழுத்து நடப்பது நான்காவதில். இசட்80இன் 12 டி-ஸ்டேட் (அதன் கிளாக் சைக்கிள்) வெளியீட்டுக் கட்டளையில் போர்ட் எழுத்து கடைசி நான்கில் நடக்கும். கட்டளை தொடங்கிய நேரத்தைக் குறித்தால் எல்லா எழுத்தும் சிறிது முந்தும். அதுவும் ஒரே அளவு முந்தாது, கட்டளைக்குக் கட்டளை மாறும். 6502இன் ஒன்று கூட்டும் கட்டளை பழைய மதிப்பை ஒருமுறையும் புதியதை ஒருமுறையும் எழுதுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரெஜிஸ்டரைப் படிக்கும்போதும் இதே விதிதான். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். சிட்டின் மூன்றாவது ஆசிலேட்டரை (அலை உருவாக்கியை) தற்செயல் எண்ணுக்காகப் படிக்கும் விளையாட்டுகள் உண்டு. சிப்பை அந்தக் கணம் வரை ஓட்டாமல் பதில் சொன்னால், ஃபிரேம் முழுக்க ஒரே எண் போய்க்கொண்டிருக்கும். ஒய்.எம்.3812 என்ற யமஹா எஃப்.எம். சிப் இருக்கும் ஆட்லிப் ஒலிக் கார்டு கதை இன்னும் வேடிக்கை. விளையாட்டுகள் சிப்பின் முதல் டைமரை ஓடவிட்டு, 80 மைக்ரோவிநாடிக்குக் குறையாமல் காத்திருந்து, ஸ்டேட்டஸ் பிட்டைப் பார்த்துத்தான் கார்டு இருப்பதை உறுதிசெய்யும். ஒலி உருவாக்கும்போது மட்டும் டைமரை நகர்த்தினால் ‘கார்டு இல்லை’ என்று முடிவுகட்டிவிடும். நீங்களோ ஒலி நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

5. சாம்பிளைப் ‘பொறுக்கி’ எடுக்காதீர்கள்

சிப்பின் வெளியீடு விநாடிக்கு லட்சக்கணக்கான முறை மாறலாம். 20 சைக்கிளுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து அந்தக் கணத்தின் மதிப்பை மட்டும் எடுத்தால், உயர்ந்த சுரங்களோடு சேர்ந்து இல்லாத சுரங்களும் கேட்கும். இதற்கு ஏலியாசிங் என்று பெயர். ஸ்பெக்ட்ரம் 128இல் டோன் பீரியட் 1 என்றால் 110.8 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு அது கேட்கவே கூடாது, ஆனால் இப்படிப் பொறுக்கினால் அது கீழே மடிந்து விசிலாக வரும்.

குறைந்தபட்சம் ஒரு சாம்பிளின் இடைவெளியில் இருந்த எல்லா மதிப்புகளுக்கும் சராசரி எடுங்கள். ஐந்து வரி நிரல்தான், பாதிப் பிரச்சினை தீரும். முழுதாகத் தீரவேண்டுமானால் பிலிப் பஃபர் போன்ற நூலகம். அலை மாறும் ஒவ்வொரு விளிம்பையும் ‘இந்தச் சைக்கிளில் இவ்வளவு மாறியது’ என்று சொன்னால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். சதுர அலை சிப்களுக்கு இதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மாற்றம் நடக்காத நேரத்தில் செயலிக்கு வேலையே இல்லை.

ஏ.ஒய்.யின் வெளியீடு பூஜ்யத்துக்கு மேலேயே ஆடுவது. அப்படியே அனுப்பினால் தொடக்கத்திலும் நிறுத்தும்போதும் ‘தட்’ என்று கேட்கும். கடைசியில் ஒரு எளிய ஹை-பாஸ் ஃபில்டர் (மாறாத மட்டத்தை நீக்குவது) போடுங்கள்.

6. ஸ்பீக்கரைத் தொடும் முன் வேவ் கோப்பு

இதுவரை ஒலிச் சாதனத்தைத் திறக்கவே இல்லை, கவனித்தீர்களா? இப்போதும் திறக்கவேண்டாம். உருவாகும் சாம்பிள்களை வேவ் கோப்பில் எழுதுங்கள்.

செயலி எமுலேஷன்கூட இல்லாமல் தொடங்க வி.ஜி.எம். கோப்புகள் உதவும். ரெஜிஸ்டர் எழுத்துகளும் இடைவெளிகளும் மட்டுமே அதில் இருக்கும். இடைவெளி எப்போதும் 44,100இல் ஒரு பங்கு என்ற அளவில், உங்கள் சாதனம் 48,000இல் ஓடினாலும். அதனால் 735 என்பது 60 ஹெர்ட்ஸ் ஃபிரேம், 882 என்பது 50 ஹெர்ட்ஸ்.

முதல் சோதனை: ஸ்பெக்ட்ரம் 128இன் கிளாக்கில் டோன் பீரியட் 252. கிளாக்கை 16ஆலும் பீரியடாலும் வகுத்தால் 439.8 ஹெர்ட்ஸ். ஒரு நிமிடம் எழுதி, அலை எத்தனை முறை மேலேறுகிறது என்று நிரலையே எண்ணச் சொல்லுங்கள். 26,390ஐ ஒட்டி வரவேண்டும். நூறு கணக்கில் தள்ளியிருந்தால் 3ஆவது படியில் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

ஒலி மட்டும் என்றால் இங்கே வந்துசேர இரண்டு மூன்று மாலைகள் போதும். இனி ஒரு விதி: வேவ் கோப்பில் கேட்கும் குறை சிப் நிரலின் குறை, கோப்பில் இல்லாமல் நேரலையில் மட்டும் கேட்பது பஃபரின் குறை. நேரலையில் என்ன உருவானதோ அதையே கோப்பிலும் கொட்டும் ஒரு சுவிட்சை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. ரிங் பஃபர்

ஒலிச் சாதனம் தன் தேவைக்கு உங்கள் கால்பேக்கை (சாம்பிள் தர நீங்கள் எழுதிய செயற்கூறை) கூப்பிடும். அந்தத் திரெட்டில் லாக், மெமரி ஒதுக்கீடு, கோப்பு எழுதுதல், திரையில் அச்சிடுதல் எதுவும் கூடாது. ரிங் பஃபரிலிருந்து (கடைசி இடம் வந்ததும் முதலிடத்துக்குத் திரும்பும் வட்டப் பஃபர்) நகலெடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவேண்டும், அவ்வளவுதான். எழுதுவது ஒரு திரெட், படிப்பது ஒரு திரெட் என்று இருந்தால் அட்டாமிக் குறியெண்கள் இரண்டு போதும்.

அளவு என்ன? 48,000இல் 512 சாம்பிள் 10.7 மில்லிவிநாடி, 1,024 என்றால் 21.3, 2,048 என்றால் 42.7. கால்பேக் 512 கேட்கிறது என்று ரிங் பஃபரையும் 512 வைத்துவிடாதீர்கள். நீங்கள் ஃபிரேமுக்கு ஒருமுறை எழுதினால் பால் கொமடோரில் ஒரே வீச்சில் 957 அல்லது 958 சாம்பிள் வந்து விழும். ஒரு ஃபிரேமும் ஒரு கால்பேக்கும் சேர்ந்து கொள்ளவேண்டும். ஆக 2,048இல் தொடங்குவது நியாயம்.

தாமதத்தைக் குறைக்க எல்லோரும் கால்பேக்கின் அளவைத்தான் முதலில் குறைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஃபிரேமுக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுவதைத்தான் முதலில் கைவிடவேண்டும். ஃபிரேமை நான்காகப் பிரித்து ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எழுதி, செயலியையும் அந்தந்தப் பகுதிக்குக் காக்கவைத்தால், அதே கால்பேக்கோடு 15 மில்லிவிநாடி வரை மிச்சம்.

பஃபர் காலியானால் பூஜ்யம் அனுப்பாதீர்கள். கடைசிச் சாம்பிளின் மதிப்பிலிருந்து மெல்ல இறக்குங்கள். குறை போகாது, ஆனால் காதைக் குத்தாது. ஒவ்வொரு முறை காலியாகும்போதும் ஒரு எண்ணியைக் கூட்டி, அதைத் திரையின் ஓரத்தில் காட்டுங்கள். ‘சடசடக்கிற மாதிரி இருக்கிறது’ என்பதை வைத்துக்கொண்டு பிழை தேடமுடியாது.

8. யார் சொல்லும் நேரம்?

இங்கே மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன: எமுலேட் செய்யும் கணினி, மானிட்டர், ஒலிச் சாதனம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பால் கொமடோரின் ஃபிரேம் 19,656 சைக்கிள், அதாவது விநாடிக்கு 50.1245 ஃபிரேம். 50 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு கட்டி ஓட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 119 சாம்பிள் குறையும். 1,024 சாம்பிள் இருப்பு எட்டரை விநாடியில் தீர்ந்து ‘டப்’. மறுபடி நிரம்பி, மறுபடி ‘டப்’. ஒழுங்கான இடைவெளியில் வரும் ‘டப்’ என்றால் கடிகாரங்கள் விலகுகின்றன என்று பொருள். ஒழுங்கில்லாமல் வந்தால் ஏதோ ஒரு திரெட் தாமதமாகிறது.

தொடக்கத்தில் ஒலிச் சாதனத்தையே எஜமானாக வையுங்கள். ரிங் பஃபரில் இடம் இருந்தால் எமுலேட்டர் ஓடட்டும், நிரம்பினால் காத்திருக்கட்டும். வேகம் தானாகச் சரியாக இருக்கும், எப்போதாவது ஒரு ஃபிரேம் இரண்டு முறை தெரியும். தூங்கவைத்து நேரம் பார்க்கும் முறையை நம்பவேண்டாம். விண்டோஸில் டைமரின் இயல்பான துல்லியம் 15.6 மில்லிவிநாடி, 20 மில்லிவிநாடி ஃபிரேமுக்கு அது உதவாது.

திரை வழுக்கிக்கொண்டு நகரவேண்டும் என்றால் மானிட்டரை எஜமானாக்கி, ஒலியின் வேகத்தை நூலளவு மாற்றலாம். பஃபர் பாதிக்கு மேல் நிரம்பினால் ஒரு சாம்பிளுக்கான சைக்கிளைச் சற்றுக் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். எல்லை 0.5 சதவீதம். அந்த எல்லையைத் தொட்டாலும் சுருதி 8.6 சென்ட்தான் நகரும். மேலே சொன்ன 50 ஹெர்ட்ஸ் கணக்குக்கு 4.3 சென்ட் போதும். ஆனால் நிரப்பளவை ஒவ்வொரு கணமும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். கால்பேக் அள்ளும்போதெல்லாம் அது ரம்பப்பல் போல ஆடும், சுருதியும் கூடவே நடுங்கும். சில டஜன் ஃபிரேம்களின் சராசரியை எடுங்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், கணினி 50 ஹெர்ட்ஸ் என்றால் இந்த வழியே கிடையாது. ஒலியே எஜமானாக இருக்கட்டும்.

9. வெளியிடும் முன்

சாதனத்திடம் 48,000 கேட்டால் அதுவேதான் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். திறந்தபின் கிடைத்த வேகத்தைப் படித்து அதையே கணக்கில் போடுங்கள். ஹெட்ஃபோனை மாற்றினால் அது நடுவில் மாறலாம்.

பாஸ், டர்போ, சேமித்த நிலையை ஏற்றுவது, இந்த மூன்றிலும் ரிங் பஃபரையும் சராசரியையும் புதிதாகத் தொடங்குங்கள். சேமிக்கும் நிலையில் கூட்டல் மாறியின் மிச்சமும் இரைச்சல் ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் இருக்கவேண்டும்.

உலாவியில் ஓட்டுவதானால் பயனர் ஒருமுறை அழுத்தும் வரை ஒலி தொடங்காது, அதற்கு ஒரு பொத்தான் வையுங்கள். ஆடியோ வொர்க்லெட் ஒரு முறைக்கு 128 சாம்பிள்தான் கேட்கும், 2.7 மில்லிவிநாடி. பக்கம் பின்னால் போனால் படத்தின் டைமர் நிற்கும், ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது தானாகப் பாஸ் ஆகட்டும்.

தாமதத்தை அளக்கும்போது புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். அது தன் பங்குக்கு நூறு மில்லிவிநாடிக்கு மேலும் சேர்க்கலாம். அப்புறம் டீபக் பில்டில் சடசடத்தால் பதறவேண்டாம், ரிலீஸ் பில்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அந்தக் காலி எண்ணி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.